சரிபார்க்காத வெள்ளம்

கமிஷன் வருவதற்கு முன்னால், ருமானா ஆற்றில் வெள்ளம் வருவது எங்கள் ஊரில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவ்வளவு சட்டவிரோதமாக வாழ்ந்துகொண்டிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்வதற்காகச் சொல்கிறேன்.

முறை இதுதான். ஆறு அல்ஜீரியா மலையில் பிறந்து, எல்லை தாண்டி எங்கள் துனீசியா பக்கம் இறங்குகிறது. அந்தப் பக்கம் கேஃப் லஹ்மர் என்ற ஊரில், பாலத்தடியில் ஓர் அளவுகோல் நட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து எழுதுகிறவன் லக்தர். இந்தப் பக்கம் சூக் ருமானாவில், மேட்டில் இருக்கும் என் காப்பிக்கடைக்கு நேர் கீழே இன்னோர் அளவுகோல். அதைப் பார்த்து எழுதுகிறவன் ஃபர்ஜானி. லக்தர் கட்டியிருப்பது ஃபர்ஜானியின் தங்கை ஜாஸியாவை. எல்லையோரத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், பாதிக் குடும்பம் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

வெளிநாட்டுக்குப் பேசினால் போனில் இருப்பதெல்லாம் கரைந்துவிடும் என்பதால் லக்தர் பேசமாட்டான். மிஸ்டு கால் கொடுப்பான். ஒரு மீட்டருக்கு ஒன்று. இரண்டு மீட்டருக்கு இரண்டு. நான்கு அடித்தால் நாங்கள் படுகையில் இருப்பதை எல்லாம் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுவோம். அங்கே ஏறிய தண்ணீர் இங்கே வந்து சேர மூன்று மணி நேரம். எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடுவது ஆற்றுப் படுகையில்தான். ஊரில் வேறு சமதரை கிடையாது. ஒன்பது வருஷத்தில் ஆறு வெள்ளம் வந்தது. ஒரு கோழிகூடப் போகவில்லை.

இந்த அநியாயத்தைக் கண்டுபிடித்தவர் டாக்டர் மொன்ஸஃப். ருமானா ஆற்று நீர்த்தகவல் பரிமாற்றக் கூட்டுக் கமிஷனின் தலைவர். எங்கள் அளவுகோலைப் பார்வையிட வந்தவர், என் கடையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எதிரே ஃபர்ஜானி. அவன் போன் அடித்தது, நின்றது. மறுபடி அடித்தது, நின்றது. எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறானே என்று டாக்டர் கேட்டார். நம் ஆள் வெள்ளந்தி. "ஒண்ணுமில்லீங்க, அங்க ரெண்டு மீட்டர் தண்ணி" என்றான்.

டாக்டர் காப்பியைக் கீழே வைத்தார். யார் சொன்னது, எந்த அதிகாரத்தில், எந்தப் படிவத்தில் என்று வரிசையாகக் கேட்டார். மச்சான் சொன்னான் என்றால் எழுதிக்கொள்ள அவர் நோட்டில் இடமில்லை. இரண்டு அரசாங்கங்கள் பதினோரு வருஷமாகப் பேசிப் பேசி இன்னும் பரிமாறிக்கொள்ளாத தகவலை இரண்டு குடும்பஸ்தர்கள் மணியடித்துப் பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது. பாவம், மனிதருக்கு வியர்த்தேவிட்டது. நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

"தண்ணி ஆத்துல ஓடறப்போ யார் வேணாலும் பாக்கலாம். அதுல தப்பில்ல" என்று எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். "எண்ணா மாறின நிமிஷத்துல அது ரெண்டு தேசத்தோட ரகசியம்."

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. மைத்துனரிடமிருந்து ஆற்றைப் பற்றிய எந்தச் செய்தியையும், ஒலி வடிவில்கூட, பெறமாட்டேன் என்று ஃபர்ஜானி எழுதிக் கொடுக்க வேண்டும். பதினாலு வருஷமாகத் தற்காலிக ஊழியனாக இருப்பவன் அவன். நிரந்தர உத்தரவு டாக்டரின் மேஜையில் இருக்கிறது என்று கடிதத்தின் கடைசி வரி சொன்னது. ஃபர்ஜானிக்கு நாலு பெண்கள். கையெழுத்துப் போட்டான். அந்தப் பக்கம் லக்தருக்கும் அதே கடிதம். அவனுக்குப் பென்ஷனுக்கு இரண்டு வருஷம்தான் பாக்கி. அவனும் போட்டான். இனி அவன் பார்க்கிற அளவு அவனுடைய மேலதிகாரிக்கு மட்டும்தான் போகும், மேலதிகாரியிடமிருந்து அது எல்லை தாண்டி எங்கேயும் போகாது.

ஃபர்ஜானி பயந்த சுபாவம். வாக்கை வாக்காகவே எடுத்துக்கொண்டான். ஜாஸியா போனில் வந்து, "அண்ணே, நாலு நாளா எங்க குழாயில தண்ணி..." என்று ஆரம்பித்தாலே வைத்துவிடுவான். தங்கைக்கு மனஸ்தாபமாகி இரண்டு மாதம் பேச்சில்லை.

அதற்குப் பிறகு கமிஷன் எங்களுக்குத் தகவல் தர ஆரம்பித்தது. தரவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது. என் கடைச் சுவரில் கண்ணாடிப் பெட்டி ஒன்று மாட்டினார்கள். அதில் எங்கள் பக்கத்து ஆற்று அளவை ஒட்டுவார்கள். அதாவது என் ஜன்னல் வழியாகத் தெரிகிற அளவை. அதுவும் சரிபார்த்து முடிக்க நாற்பது நாள் ஆகும். ரம்மி ஆடுகிறவர்களுக்கு இது பெரிய பொழுதுபோக்காகிவிட்டது. "இன்னிக்கு எந்த ஆத்துக்குப்பா நாப்பதாம் நாள்?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். ஒருவர் பெட்டிக்கு எதிரே நின்று, இறந்தவருக்கு ஓதுவதுபோல, ஃபாத்திஹா ஓதுவார், மற்றவர்கள் கையேந்துவார்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று நான் ஒருமுறை டாக்டரையே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சரிபார்க்காத வெள்ளம் வெறும் வதந்தி என்றார்.

பருவ முன்னோட்டம் என்று இன்னொன்றும் வரும். 'வரும் குளிர்காலத்தில் மழை வழக்கம்போலவோ, வழக்கத்தைவிடக் கூடுதலாகவோ, குறைவாகவோ இருக்கக்கூடும்.' கீழே பதினேழு கையெழுத்து. அத்தனை பேரும் போட்டு முடித்து எங்கள் சுவருக்கு வந்து சேர்ந்தது மே மாதம்.

அந்த மே மாதத்தில்தான் தபர்கா கடற்கரையில், ஒரு ஹோட்டலில், கமிஷனின் பெரிய கூட்டம். 'பாதிக்கப்படும் சமுதாயம்' ஒன்று வேண்டும் என்று விதி இருந்ததால் ஃபர்ஜானியைக் கூப்பிட்டார்கள். சமுதாயத்தைக் காரில் கொண்டுபோய் விட்டது நான். சாப்பாடு நன்றாக இருந்தது என்பதால் மூன்று நாளும் பின்வரிசையில் இருந்தேன். அங்கே நடந்ததைச் சொன்னால் இட்டுக்கட்டுகிறேன் என்பீர்கள். போகட்டும், சொல்கிறேன்.

முதல் நாள் பெயர்ச் சண்டை. எங்களைக் கீழ்நாடு என்று எழுதக்கூடாது, நாங்கள் யாருக்கும் கீழே இல்லை என்றார் டாக்டர் மொன்ஸஃப். அந்தப் பக்கத்து இணைத்தலைவர் பூஅலாம், லக்தரின் மேலதிகாரிக்கும் மேலதிகாரி, குண்டான, அமைதியான மனிதர். தங்களை மேல்நாடு என்று எழுதக்கூடாது, எழுதினால் வருகிற தண்ணீருக்கெல்லாம் தாங்கள் பொறுப்பாகிவிடுவோம் என்றார். சாயங்காலம் வரை பேசி, 'ஒரு தரப்பு', 'இன்னொரு தரப்பு' என்று முடிவானது. ஒப்பந்தத்தை இன்று படிக்கிற யாருக்கும் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாது. அதுதான் அதன் சிறப்பு என்று டாக்டர் கைதட்டலுக்கிடையே சொன்னார்.

இரண்டாம் நாள் பூஜ்யம். அவர்கள் அளவுகோலின் பூஜ்யமும் எங்கள் அளவுகோலின் பூஜ்யமும் ஒரே மட்டத்தில் இல்லையாம், முப்பத்தேழு சென்டிமீட்டர் வித்தியாசம். ஒன்றைக் கழித்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று ஃபர்ஜானி என் காதில் கிசுகிசுத்தான். அவ்வளவு லேசா? பூஅலாம் எழுந்து, "எங்கள் பூஜ்யம் சுதந்திரத்துக்குப் பிறகு நாங்களே வைத்த பூஜ்யம். அதிலிருந்து கழிக்க யாருக்கும் உரிமையில்லை" என்றார். எங்கள் டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் பூஜ்யமும் அப்படித்தான் என்றார். இருவரும் கட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு தரப்பும் அடுத்த தரப்பின் பூஜ்யத்தை மதிக்கும் என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். பிறகு மீன்.

மூன்றாம் நாள் டாக்டரின் பேருரை. ஒரே ஒரு பகுதியை மட்டும் அப்படியே தருகிறேன், என் பேரில் பழி வேண்டாம். "முன்கூட்டியே முன்னோட்டம் வெளியிடும் நாடுகளில் அது அடிக்கடி தப்பிப்போகிறது. நம் முன்னோட்டம் இதுவரை ஒருமுறைகூடத் தப்பியதில்லை. பதினோரு ஆண்டுகளில் நாம் மேஜையைப் பகிர்ந்திருக்கிறோம், உணவைப் பகிர்ந்திருக்கிறோம், கவலையைப் பகிர்ந்திருக்கிறோம். எண்களை மட்டும்தான் இன்னும் பகிரவில்லை. அவசரப்படாத நட்புக்கு இதைவிட உதாரணம் உண்டா?"

கடைசியில் சமுதாயத்துக்கு என்ன தேவை என்று மைக்கைக் கொடுத்தார்கள். ஃபர்ஜானி எழுந்து, "போன்ல நாலு மணி அடிச்சா போதுங்க" என்றான். அதைக் குறிப்பேட்டில் 'ஒலித்துறையில் சமுதாயத்தின் திறனை வளர்க்க வேண்டியதன் அவசியம் வலியுறுத்தப்பட்டது' என்று எழுதிக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் விழா மக்கள் மத்தியில் நடக்கவேண்டும் என்று டாக்டர் அறிவித்தார். இடம், சூக் ருமானா சந்தை. நாள், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய ஞாயிறு.

அந்த ஞாயிறு எங்களுக்கு எப்படிப்பட்ட நாள் என்று சொல்லிவிடுகிறேன். சுற்றுவட்டாரத்து ஆடெல்லாம் அன்று படுகையில்தான் நிற்கும். குர்பானிக்கு ஆடு வாங்கக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பிள்ளைகள் ஆட்டுக்குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகரமாட்டார்கள். எண்ணூறு பேராவது இருப்பார்கள். நடுவில் கமிஷன் கூடாரம் போட்டு, சரளைக்கல்மேல் கைரவான் கம்பளம் விரித்தது. அதன்மேல் நூறு நாற்காலி.

அன்று காலையிலிருந்தே மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். ஃபர்ஜானி மலையைப் பார்ப்பதும் காலியான தன் கையைப் பார்ப்பதுமாக இருந்தான். போன்களை எல்லாம் கூடாரவாசலில் ஒரு கூடையில் வாங்கி வைத்துவிட்டார்கள். தூதுக்குழுத் தலைவர்களுக்கு மட்டும்தான் விலக்கு. அவனை மேடையின் ஓரத்தில், பூஅலாமுக்குப் பக்கத்து நாற்காலியில், சமுதாயமாக உட்கார வைத்திருந்தார்கள். நான் முதல் வரிசைக்கு மக்ரூத் இனிப்பும் டீயும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் மேடையில் பேசியதெல்லாம் என் காதில் விழுந்தது.

பத்து மணிக்குப் பூஅலாமின் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். கையிலிருந்த மக்ரூத்தைக் கடிக்காமலே தட்டில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை காலைத் தரையிலிருந்து தூக்கி நாற்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டார். பிறகு டாக்டரிடம் சாய்ந்து, கையெழுத்தை முதலில் வைத்துக்கொள்ளலாமே என்றார். கையெழுத்து பதினோராவது நிகழ்ச்சி என்று டாக்டர் சொன்னார். பத்துக்கு முன்னால் பதினொன்று வந்தால் நாம் உலகத்துக்கு எந்த ஒழுங்கைக் காட்டப்போகிறோம் என்றும் கேட்டார். சொல்லிவிட்டு இரண்டாவது நிகழ்ச்சியான வரவேற்புரைக்கு எழுந்தார். அவருடைய வரவேற்புரை என்றால் ஒரு மணி நேரம்.

பதினொன்றரைக்குள் பூஅலாம் நான்கு முறை கேட்டுவிட்டார். மனிதரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கண்ணைக் காட்ட, அந்தப் பக்கத்து டிரைவர் ஒருவன் நைசாக வண்டியை எடுத்து மேட்டில் என் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். அடுத்த வண்டியும் போனது. மூன்றாவதும் போனது. டாக்டர் ஐந்தாவது நிகழ்ச்சிக்கு வந்திருந்தார், ஆற்றின் வரலாறு. ஃபர்ஜானி வண்டிகளைப் பார்த்தான், நாற்காலிக் கட்டையில் இருந்த பூஅலாமின் காலைப் பார்த்தான்.

"ஐயா, லக்தர் ஏதாவது அனுப்பினானா?" என்று கேட்டான்.

"கையெழுத்து ஆகாம ஒரு எண்ணு என் வாயிலேருந்து வராதுப்பா. வந்தா அங்க எனக்கு வேலை இல்ல" என்றார் பூஅலாம். குரல் கெஞ்சியது.

"எண்ணெல்லாம் எனக்கு வேணாங்க. நீங்க இன்னும் எவ்வளவு நேரம் இந்த நாற்காலியில இருப்பீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

பூஅலாம் அவனைத் திரும்பிப் பார்த்தார். மடியில் இருந்த ஒப்பந்தத்தை எடுத்து, அறுபத்திரண்டு பக்கத்தையும் விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். என் வாழ்க்கையில் யாரும் அவ்வளவு வேகமாகப் படித்து நான் பார்த்ததில்லை.

"நான் எங்க உக்காரணும்னு இதுல எதுவும் இல்ல" என்றார்.

"இல்லீங்க."

"அப்போ சொல்றேன். நான் இப்பவே மேட்டுக்குப் போறேன். உனக்குக் கொழந்தைகுட்டி இருந்தா நீயும் கூட்டிட்டு வா."

எழுந்தேவிட்டார். ஃபர்ஜானிக்கு ஒரு கணம்தான். இப்போது வெள்ளம் என்று கத்தினால் வாக்கு மீறியதாகும், பதினாலு வருஷமும் போய்விடும். கத்தாவிட்டால் எண்ணூறு பேர். அவனுக்குப் பதிலாக நானே கத்திவிடலாம் என்று தட்டைக் கீழே வைத்தேன். அதற்குள் அவன் டாக்டர் முன்னாலிருந்த மைக்கை மரியாதையாக, இரண்டு கையாலும், எடுத்துக்கொண்டான்.

"நம்ம விருந்தாளி கிளம்பறார்" என்றான். சந்தை முழுக்க ஒலிபெருக்கி. "பக்கத்து நாட்டுலேருந்து வந்த மனுஷன். உக்காந்த இடத்துலேருந்தே அனுப்பி வைக்கிற ஊரா நம்ம ஊரு? எல்லாரும் எழுந்து மேடு வரைக்கும் கொண்டுபோய் விடுங்க. ஆட்டையும் ஓட்டிட்டு வாங்க, வெறுங்கையோட வழியனுப்பறது நம்ம வழக்கமில்ல. பிள்ளைகளைத் தூக்கிக்குங்க. ஐயா வேகமா நடக்கறவரு."

எங்கள் பக்கம் விருந்தாளி வாசலைத் தாண்டும்போது வீட்டுக்காரன் உட்கார்ந்திருந்தால், அவன் பேரன் கல்யாணத்திலும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். எண்ணூறு பேரும் எழுந்தார்கள். பூஅலாம் முன்னால் ஓட்டமும் நடையுமாக, பின்னால் ஊர், ஆடுகள், கோழிக் கூண்டுகள், தர்பூசணி ஏற்றிய கழுதைகள், போன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கூடாரக் காவலாளி. வழியில் அவர் நின்று மூச்சு வாங்கப் பார்த்தார், ஊர் விடவில்லை. வாழ்க வாழ்க என்று சொல்லித் தள்ளிக்கொண்டே போனது. அந்த ஊர்வலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

விருந்தாளியை வழியனுப்பும்போது பேசிக்கொண்டிருப்பது மரியாதையில்லை என்று டாக்டருக்கும் தெரியும். ஆறாவது நிகழ்ச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி ஆளாக ஏறி வந்தார். மேட்டுக்கு வந்ததும் மீதியை அங்கேயே தொடர்ந்தார்.

ஒரு மணிக்குச் சத்தம் கேட்டது. பழுப்பாக, மரமும் கல்லுமாக, சுவர்போல வந்தது. கூடாரம் ஒரு நிமிஷம் நின்று பார்த்தது, பிறகு கிளம்பிவிட்டது. நூறு நாற்காலியும் வரிசை கலையாமல் பின்னால் போயின. கம்பளம்தான் வருத்தம். எண்ணிப் பார்த்தோம், எல்லோரும் இருந்தார்கள். ஓர் ஆடு கூடுதலாகவே இருந்தது, இன்றுவரை யாருடையது என்று தெரியவில்லை. பெண்கள் ஃபர்ஜானியின் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்தார்கள். அவன் டாக்டரையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் ஆற்றைப் பார்த்தார். பிறகு பூஅலாமிடம், "தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"தெரியும்."

"எண் எதுவும் வெளியே போச்சா?"

"ஒண்ணுகூடப் போகல."

டாக்டருக்கு உயிர் வந்தது. எண் எதுவும் வெளியாகவில்லை என்றால் குற்றம் எதுவும் நடக்கவில்லை, சமுதாயம் விருந்தோம்பலில் சிறந்து விளங்கியது என்று குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். பையில் கொண்டுவந்திருந்த ஃபர்ஜானியின் நிரந்தர உத்தரவிலும் அங்கேயே, கழுதையின் முதுகில் வைத்து, கையெழுத்துப் போட்டார். இதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன். மனிதர் கெட்டவர் இல்லை.

பிறகு ஏழு, எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் முறையாக முடிந்தன. கீழே ஆறு உறுமிக்கொண்டிருந்ததால் கவிதை வாசிப்பு மட்டும் சரியாகக் கேட்கவில்லை. பதினோராவது நிகழ்ச்சி என் கடையின் ரம்மி மேஜையில் நடந்தது. இரண்டு கொடி, இரண்டு பேனா, இரண்டு தலைவர்கள். பதினோரு வருஷ உழைப்பு. கைதட்டினோம், உண்மையாகவே தட்டினோம்.

மை காய்ந்ததும் பூஅலாம் உள்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். மேட்டுக்கு வந்ததும் அவரே எழுதி அரக்கு முத்திரை வைத்தது. ஒப்பந்தத்தின்படி ஒரு தரப்பு இன்னொரு தரப்புக்குத் தரும் முதல் தகவல். எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுத்தார். டாக்டர் மொன்ஸஃப் முத்திரையை உடைத்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டார், படித்தார். அவர் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது. எங்கள் பக்கம் திரும்பி, மைக் இல்லாததால் தொண்டை கிழியக் கத்தினார்.

"நாலு மீட்டர் இருபது. எல்லாரும் உடனே மேட்டுக்குப் போங்க."

நாங்கள் மேட்டில்தான் நின்றுகொண்டிருந்தோம். ஆனாலும் பதினோரு வருஷத்துக்குப் பிறகு மனிதர் முதல் தகவலைச் சொல்கிறார், முகம் வாடக்கூடாது. ஃபர்ஜானி ஓர் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓரடி பின்னால் எடுத்து வைத்தான். ஊர் முழுக்க ஓரடி பின்னால் எடுத்து வைத்தது.